எந்த குரூப் எடுக்கப் போற, பாப்பா?

பத்தாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பிள்ளையிடம் நாம் கேட்கும் கேள்வி இது. அவள் வாய் திறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே இதற்கான பதில் எழுதப்பட்டுவிடுகிறது. எழுதுவது யார்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுவாரம் எந்த அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே ஒரு மர பெஞ்சு. மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் பிளாஸ்டிக் கவரில் பத்திரப்படுத்திக்கொண்டு அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். உள்ளே ஆசிரியர் கேட்பார்: “எந்த குரூப் எடுக்கப் போற, பாப்பா?” பிள்ளை அம்மாவைப் பார்க்கும். அம்மா ஆசிரியரைப் பார்ப்பார். “எது ஈஸியோ அதையே போட்டுடுங்க சார். பாஸாயிட்டா போதும்.”

படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் பேனா ஒரு டிக் போடும். அந்தப் பிள்ளை இனி அறிவியல் படிக்குமா படிக்காதா என்பது அதோடு முடிந்தது. திரும்பும் வழியில் டீக்கடையில் வடை வாங்கிக் கொடுப்பார் அம்மா. பெரிய முடிவு ஒன்று எடுக்கப்பட்டுவிட்டதாக இருவருக்குமே தோன்றியிருக்காது.

தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் எட்டு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதுகிறார்கள். அறிவியலின் வாசல் இவர்களுக்கு எப்போதும் பக்கத்தில் இருந்ததில்லை. 1978-க்கு முன்பு, பள்ளி இறுதி வகுப்பை முடித்த ஒருவர் அறிவியல் படிக்க வேண்டுமென்றால் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்புக்காக ஊரைவிட்டுக் கல்லூரிக்குப் போக வேண்டும். தங்க இடம் வேண்டும், கையில் காசு வேண்டும். அந்த ஆண்டு பிளஸ் டூ முறை வந்தபோது, கல்லூரிகளில் இருந்த பிப்பெட்டும் பியூரெட்டும் நுண்ணோக்கியும் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு வரத் தொடங்கின. கிராமத்துப் பிள்ளைக்கும் அறிவியலுக்கும் நடுவே இருந்த தூரத்தைக் குறைத்த பெரிய காரியம் அது. அதனால் படிக்க முடிந்தவர்களில் நானும் ஒருவன். அந்த நன்றியோடுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அந்த வாசல் மறுபடி சுருங்குவதைப் பார்க்கும் வருத்தத்தோடும்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் பிடிப்பதில்லை என்று சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேண்டுமா வேண்டாமா என்று அவர்கள் யோசிக்கும் நேரம் வருவதற்குள், வேறு பலர் அவர்களுக்காக முடிவெடுத்துவிடுகிறார்கள்.

முடிவெடுக்கும் மூவர்

முதலில் முடிவெடுப்பது பள்ளிக் கட்டடம். எல்லா மேல்நிலைப் பள்ளிகளிலும் எல்லாப் பிரிவுகளும் கிடையாது. ஊர்ப் பள்ளி பத்தாம் வகுப்போடு நின்றுபோனால், பிளஸ் ஒன்னுக்கே வெளியூர்தான். பக்கத்து ஊர்ப் பள்ளியில் காமர்ஸ் இருக்கும், கணிதமும் அறிவியலும் சேர்ந்த பர்ஸ்ட் குரூப் இருக்காது. பர்ஸ்ட் குரூப் இருந்தால் கணிதத்துக்கு ஆசிரியர் இருக்கமாட்டார். இருப்பதில் ஒன்றை எடுப்பதைத்தான் நாம் ‘தேர்வு’ என்கிறோம்.

இரண்டாவதாக முடிவெடுப்பது டவுன் பஸ். அறிவியல் பிரிவு எடுத்தால் காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், நடுவில் பிராக்டிகல். ஊருக்குப் போகும் மாலை வண்டி ஐந்தேகாலுக்கு என்றால், அதை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். பஸ் பாஸ் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. பாஸைக் காட்டி ஏற வேண்டிய பஸ்தான் வருவதில்லை. பையன் என்றால் யாராவது பைக்கை நிறுத்தி ஏற்றிக்கொள்வார்கள். பெண் பிள்ளை இருட்டில் நிற்க நேர்ந்தால், மறுநாளே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். “டீச்சர், அந்த குரூப்பே வேண்டாம். நாலரை மணிக்கு விடுற குரூப்பா பார்த்துப் போடுங்க.” இப்படிக் கேட்கும் தாயைக் குறை சொல்ல என்னால் முடியாது. அவருடைய பயம் நியாயமானது. அந்தப் பயத்தைப் போக்க ஒரு பஸ் போதும் என்பதுதான் வேதனை.

மூன்றாவது, வீட்டுக் கணக்கு. பக்கத்து வீட்டு அண்ணன் பர்ஸ்ட் குரூப் எடுத்து, கல்விக் கடன் வாங்கி, இன்ஜினீயரிங் முடித்துவிட்டு இன்று கம்பெனி வேனுக்காக விடியற்காலையில் நிற்கிறார். டிகிரி இல்லாதவரும் அதே வேனில்தான் போகிறார். இன்னொரு வீட்டு அக்கா காமர்ஸ் படித்து, குரூப் ஃபோர் அரசுத் தேர்வு எழுதி, தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார். தெருவில் இருக்கும் இந்த இரண்டு உதாரணங்களை வைத்துக் குடும்பம் போடும் கணக்கை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. அறிவியல் படித்து வேறு விதமாக வாழும் ஒருவரை அந்தத் தெரு இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆசிரியர் இல்லாத ஜூன்

ஆறு முதல் பத்து வரை நம் பள்ளிகளில் அறிவியல் ஒரே பாடம். அதை நடத்துபவர் இயற்பியலோ வேதியியலோ தாவரவியலோ விலங்கியலோ, ஏதாவது ஒன்றில் பட்டம் பெற்றவர். தாவரவியல் படித்தவர் ஓம் விதியை நடத்த வேண்டும். இயற்பியல் படித்தவர் இதயத்தின் நான்கு அறைகளை விளக்க வேண்டும். பெரிய பள்ளியில் இரண்டு மூன்று அறிவியல் ஆசிரியர்கள் இருப்பதால் பாடங்களைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். சின்ன உயர்நிலைப் பள்ளியில் ஒருவர்தான். தான் படிக்காத பகுதியைத் தயக்கத்தோடு நடத்தும் ஆசிரியர், பிள்ளை கேள்வி கேட்டுவிடக் கூடாதே என்ற தவிப்பில் இருப்பார். அந்தத் தவிப்பு பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும். ‘இயற்பியல்னா கஷ்டம்’ என்ற எண்ணம் எட்டாம் வகுப்பிலேயே விழுந்துவிடுவது இப்படித்தான்.

மேல்நிலை வகுப்பில் பாடத்துக்கு ஒரு முதுகலை ஆசிரியர் உண்டு. அவர் மாறுதலில் போனாலோ ஓய்வு பெற்றாலோ அந்த நாற்காலி காலியாகும். பெற்றோர் ஆசிரியர் கழகம் உள்ளூரிலிருந்து ஒருவரைக் குறைந்த சம்பளத்தில் அமர்த்தும். அப்படி வந்து உயிரைக் கொடுத்து நடத்திய பலரை எனக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்கு அடுத்த ஆண்டு வேலை உறுதியில்லை. கலைப் பாடத்துக்கு ஆசிரியர் வரும்வரை புத்தகத்தை வைத்துச் சமாளிக்கலாம். வேதியியலில் மோல் கருத்தும் கணிதத்தில் தொகை நுண்கணிதமும் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்காமல் பிடிபடாது. பிடிபடவில்லை என்றால் அதன் மேல் கட்டிய எதுவும் நிற்காது.

இதில் இன்னொரு பழைய காயமும் உண்டு. பிளஸ் ஒன்னில் பொதுத் தேர்வு இல்லாத காலத்தில், பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. 2018-ல் புதிய பாடத்திட்டமும் வந்தது. புத்தகங்கள் ஆழமாயின. ஆனால் அவற்றை நடத்த வேண்டிய ஆசிரியரும் தொட்டுப் பார்க்க வேண்டிய ஆய்வகமும் அதே வேகத்தில் வளரவில்லை. மூன்று ஆண்டுகளில் மூன்று பொதுத் தேர்வுகள் என்ற சுமையையும் பிள்ளைகள்தான் சுமந்தார்கள். 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத் தேர்வை வேண்டாம் என்றது. சுமை குறைவது நல்லது. பிளஸ் ஒன் பாடத்தை மறுபடி யாரும் தாண்டிப் போய்விடாமல் பார்த்துக்கொள்வது இனி நம் அனைவரின் பொறுப்பு.

பூட்டியிருந்த அறை

நான் படித்த பள்ளியில் வேதியியல் ஆய்வகம் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அலமாரிகளில் பழுப்பு நிறப் பாட்டில்கள் தெரியும். சாவி அலுவலக அறையில் தொங்கும். வேதியியல் ஆசிரியர் இடம் காலியாக இருந்ததால் சாவியைக் கேட்க ஆளில்லை. ரெக்கார்டு நோட்டை முந்தைய செட் அண்ணன்களிடம் வாங்கிப் பார்த்து எழுதினோம். செய்யாத சோதனைக்குக் ‘காண்பது’, ‘அறிவது’ என்று இரண்டு பத்திகள் எழுதி, சிவப்பு மையில் கோடு போட்டு அழகாக வைத்திருந்தோம். வெள்ளை வீழ்படிவு என்று நூறு முறை எழுதியிருப்பேன். வீழ்படிவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தயிர் மாதிரி இருக்குமா, சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருக்குமா?

டிசம்பரில் ஒரு ஆசிரியர் மாறுதலில் வந்தார். முதல் நாளே ஆய்வகத்தைத் திறக்கச் சொன்னார். தூசு, பல்லி முட்டை, இறுகிப்போன மூடிகள். ஒரு வாரம் நாங்களே கழுவினோம். பிறகு ஒருநாள் ஒரு சோதனைக் குழாயில் நைட்ரேட் உப்பின் கரைசலை எடுத்து, அப்போதுதான் கரைத்த பெரஸ் சல்பேட்டைச் சேர்த்து, குழாயைச் சாய்த்துப் பிடித்துச் சுவரோரமாக அடர் கந்தக அமிலத்தை மெல்ல இறக்கினார். “அசைக்காதீங்கடா” என்றார். இரண்டு திரவமும் சந்திக்கும் இடத்தில் மோதிரம் போட்டதுபோல் ஒரு பழுப்பு வளையம் வந்து நின்றது. புத்தகத்தில் இருந்தது கண் முன்னால் நடந்தது. நாற்பது பேரும் மூச்சுக் காட்டாமல் நின்றோம்.

இன்றைக்கு மேல்நிலை அறிவியல் பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10. பத்தாம் வகுப்பில் அறிவியல் செய்முறைக்கு 25. இந்த மதிப்பெண்கள் பிள்ளைகளைத் தேற்றிவிட உதவுவதால், பல இடங்களில் செய்முறை என்பதே தேர்வுக்கு முந்தைய சில நாள் வேலையாகிவிட்டது. ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடந்த அறை அப்போது மட்டும் திறக்கும். மதிப்பெண் கிடைத்துவிடும். அந்தப் பழுப்பு வளையத்தைப் பார்க்காமலே ஒரு தலைமுறை வேதியியலில் தேறிவிடும்.

ஆறாம் வகுப்பிலேயே ஆரம்பிக்கிறது

பிளஸ் ஒன் சேர்க்கையில் எடுக்கும் முடிவுக்கு விதை விழுவது பதினொரு, பன்னிரண்டு வயதில். கேள்வி கேட்கும் ஆசை கொழுந்துவிட்டு எரியும் வயது அது. அந்த வயதில் கையில் ஒரு லென்ஸ் கிடைத்த பிள்ளைக்கும், ‘லென்ஸ் என்றால் என்ன’ என்ற இரண்டு மதிப்பெண் வினா கிடைத்த பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டு.

இதை நம் நாட்டிலேயே நிரூபித்துக் காட்டியிருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், இன்றைய நர்மதாபுரத்தில், 1972-ல் கிஷோர் பாரதி, பிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு தொண்டு அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சியைத் தொடங்கின. ஆறு முதல் எட்டு வரை பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து தாங்களே சோதனை செய்து அறிவியல் படிப்பார்கள். ‘பால வைஞானிக்’ என்ற அவர்களுடைய புத்தகத்தில் கேள்விகள் இருந்தன. விடைகளைப் பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். தேர்வுக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். சவாலிராம் என்ற கற்பனை மனிதருக்குப் பிள்ளைகள் சந்தேகம் கேட்டுக் கடிதம் எழுதுவார்கள், பதிலும் வரும். 1978-ல் அது மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. பின்னர் ஏகலைவ்யா அமைப்பு பொறுப்பேற்று, சுமார் ஆயிரம் பள்ளிகள்வரை கொண்டு சென்றது. தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் வைத்து வடிவியல் சொல்லித் தந்த அரவிந்த் குப்தாவின் பொம்மைகளும் அந்த மண்ணில்தான் பிறந்தன. 2002-ல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. முப்பது ஆண்டுகள் கிராமத்துப் பிள்ளைகள் விஞ்ஞானிகளைப்போல் சிந்தித்ததற்கு அந்தப் பள்ளிகள் சாட்சி.

தமிழ்நாட்டுக்கும் அப்படி ஒரு மரபு உண்டு. 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987 முதல் ‘துளிர்’ என்ற சிறுவர் அறிவியல் இதழை நடத்திவருகிறது. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், பிள்ளைகள் தம் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்துக் குழுவாக ஆராய்ந்து அறிக்கை வைக்கிறார்கள். ஏரியில் ஆகாயத்தாமரை ஏன் பெருகியது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிய பிள்ளைக்கு அறிவியல் முறையை யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகளுக்காக 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளை நோக்கி நடமாடும் ஆய்வகத்தை அனுப்பியது. சரியான வயதைக் குறிவைத்த திட்டம். வண்டி வந்துபோன மறுநாளும் அந்தப் பொருள்கள் பிள்ளைகளின் கையில் இருக்குமானால் அதன் பலன் பல மடங்காகும்.

கிணற்றடியில் ஒரு பாடம்

‘எங்க ஸ்கூல்ல என்ன சார் இருக்கு, ஒண்ணும் இல்ல’ என்று ஆசிரியர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இருக்கிறது. பள்ளி மதிலைத் தாண்டினால் இருக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருக்கலாம். பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை. அங்குள்ள பாறைகளில் ஃபுளூரைடு கலந்த கனிமங்கள் உண்டு. மழை பொய்த்து, போர்வெல் ஆழமாக ஆழமாக, பாறை இடுக்கில் நெடுங்காலம் தேங்கிய நீர் அந்த ஃபுளூரைடைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு உள்ள நீரைப் பல் உருவாகும் வயதில் தொடர்ந்து குடித்தால் எனாமல் கெடும்; அளவு இன்னும் கூடி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் எலும்பும் பாதிக்கும். காவிரி நீரைக் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்ததன் காரணம் இதுதான். வேதியியல், புவியியல், உயிரியல், அரசியல் எல்லாம் ஒரு குடம் தண்ணீரில் இருக்கின்றன. ஆனால் அந்த ஊர் மாணவி ‘ஹாலஜன்கள்’ பாடத்தில் ஃபுளூரினின் எலக்ட்ரான் அமைப்பை எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறாள். தன் பல்லில் இருப்பது அந்தத் தனிமம் செய்த வேலை என்று யாராவது சொல்லியிருந்தால், அந்தப் பாடத்தை அவள் வேறு கண்ணோடு படித்திருப்பாள். வாயை மூடிக்கொண்டு வெட்கப்படவும் தேவை இருந்திருக்காது.

தூத்துக்குடி உப்பளத்துப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் நீர் பாத்தி பாத்தியாக மாறும்போது அப்பா ஒரு கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளை அது. உப்புக்கு முன்பே ஜிப்சம் படியும். நீரின் அடர்த்தியைக் காட்டும் பாமே அளவில் 25 டிகிரி வந்ததும் சோற்றுப்பு விளையத் தொடங்கும். மேலும் விட்டால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும் என்பதால் மிச்ச நீரை வெளியேற்றிவிடுவார்கள். பின்னப் படிகமாக்கல் என்று புத்தகம் சொல்வதை அப்பா தினமும் வெயிலில் நின்று செய்கிறார். வகுப்பில் அதைச் சொல்லும் நாளில், அந்தப் பிள்ளைக்குத் தன் தகப்பனைப் பற்றியே ஒரு பெருமிதம் வரும்.

ஜவ்வாது மலையில் காவலூர் வான் ஆய்வகம் இருக்கிறது. நகர வெளிச்சம் எட்டாத இருட்டுக்காகத் தேர்ந்தெடுத்த இடம். அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி, 1977-ல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயத்தைப் பதிவுசெய்தது. 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. அது வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1988-ல் அங்கே கண்டறிந்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள். உலகம் வானத்தைப் பார்க்க வந்த மலை அது. அந்த மலைக் கிராமங்களின் பிள்ளைகள் நட்சத்திரங்களைப் பற்றிப் படிக்க விரும்பினால் அதற்கான வழி அவர்கள் வீட்டு வாசலிலேயே தொடங்க வேண்டும்.

டாக்டர் ஆகாவிட்டால் எதற்கு பயாலஜி?

அறிவியல் எடுப்பது டாக்டராகவோ இன்ஜினீயராகவோ ஆவதற்கு மட்டும் என்ற எண்ணம் கிராமத்திலும் வேரூன்றிவிட்டது. 2017-ல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் நுழைவுத் தேர்வு வந்த பிறகு அந்த எண்ணமே அறிவியலுக்கு எதிராகத் திரும்பியது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தும் மருத்துவ இடம் கிடைக்காமல், அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று நம்மை விட்டுப் போனார். பிளஸ் டூ மதிப்பெண்ணை நம்பிப் படித்த வீடுகள் அன்று அடைந்த அதிர்ச்சி இன்னும் தீரவில்லை. ‘கோச்சிங் சேர்க்க நம்மால முடியாது, அப்புறம் எதுக்கு பயாலஜி?’ என்ற பேச்சு அதிலிருந்து வந்ததுதான்.

2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்ததும், அந்த ஒரே ஆண்டில் சுமார் 400 இடங்கள் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது விரிந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-லும் வந்தன. இவை பல வீடுகளின் கணக்கை மாற்றியிருக்கின்றன.

ஆனாலும் டாக்டருக்கும் இன்ஜினீயருக்கும் அப்பால் இருக்கும் அறிவியலை யார் சொல்கிறார்கள்? பி.எஸ்சி. இயற்பியலோ கணிதமோ எடுத்தால் எங்கே போகலாம், அடிப்படை அறிவியல் படிக்கும் சிறந்த மாணவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் திட்டத்தில் ஆண்டுக்கு 80,000 ரூபாய் உதவித்தொகை உண்டு, எட்டாம் வகுப்பிலேயே எழுதக்கூடிய என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும் என்பதெல்லாம் நகரத்துப் பிள்ளைக்கு யாராவது ஒரு மாமா சொல்லிவிடுவார். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அந்த மாமா பள்ளிதான்.

உந்தமும் மொமென்ட்டமும்

உந்தம் என்றால் என்ன என்று கேட்டால் தமிழ்வழியில் படித்த பிள்ளை பட்டென்று சொல்லும்: நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவது. கல்லூரி முதல் நாளில் பேராசிரியர் ‘மொமென்ட்டம்’ என்று தொடங்கியதும் அதே பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். தெரிந்த பொருள், தெரியாத பெயர். ஒரு செமஸ்டர் முழுக்க அந்தப் பெயர்களைத் துரத்துவதிலேயே போய்விடும். அதைத் தாங்காமல் பாதியில் நின்றவர்கள் எத்தனையோ பேர்.

தமிழில் அறிவியல் முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தமிழில் மேலை மருத்துவம் கற்பித்தார், நூல்களும் வெளியிட்டார். பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வந்தது. தேவைப்படுவது பாலம். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கலைச்சொல்லைத் தமிழிலும் ஆங்கில ஒலியிலும் சேர்த்துச் சொல்லிப் பழக்கினால் போதும். கல்லூரி வாசலில் பிள்ளை தடுமாறாது. மொழியில் அக்கறை குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிள்ளைகள் இழந்த நேரத்தை யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

எட்டிப் பிடித்தவர்கள்

குமரி மாவட்டம் சரக்கல்விளையில் தமிழ்வழி அரசுப் பள்ளியில் படித்த கே.சிவன், வீட்டில் வசதி இல்லாததால் முதலில் பி.எஸ்சி. கணிதம் படித்தார். பிறகுதான் பொறியியல், பிறகுதான் இஸ்ரோ தலைவர் பதவி. அதே மாவட்டத்தின் மேலக்காட்டுவிளையைச் சேர்ந்த வி.நாராயணன் 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரானார். அவரும், சந்திரயான்-3-ஐ நிலவில் இறக்கிய திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேலும் டிப்ளமோ படிப்பில் தொடங்கியவர்கள். கோதவாடி என்ற கொங்கு நாட்டுக் கிராமத்திலிருந்து விண்வெளி விஞ்ஞானி மயில்சாமி அண்ணாதுரை, செங்கோட்டை விவசாயக் குடும்பத்திலிருந்து ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி. இவர்கள் போன பாதைகள் ஒரே மாதிரி இல்லை. பர்ஸ்ட் குரூப் கிடைக்காத பிள்ளைக்கும் பாலிடெக்னிக் வழியாக, பி.எஸ்சி. வழியாக வாசல் உண்டு என்பதைப் பதினைந்து வயதில் யாராவது சொல்ல வேண்டும். அதேநேரம், இவர்கள் வந்தார்களே என்று காட்டி, வர முடியாமல்போன ஆயிரக்கணக்கானவர்கள் மீது குற்றம் சுமத்துவது பெரும் அநீதி.

மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி மாணவிகளின் அனுபவம் எனக்கு இன்னும் நெருக்கமானது. நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகள் சேர்ந்து உருவாக்கிய ஆசாதிசாட் செயற்கைக்கோளில் அவர்களுக்கும் பங்கு உண்டு. 2022 ஆகஸ்ட் 7 அன்று, அதைச் சுமந்த எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் ஏவல். 356 கிலோமீட்டர் வட்டப் பாதைக்குப் பதிலாக 356-க்கு 76 கிலோமீட்டர் நீள்வட்டப் பாதையில் போய் விழுந்து அது வீணானது. 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 சரியான பாதையில் சேர்ந்தது. தோற்றால் காரணத்தைக் கண்டுபிடித்து மறுபடி ஏவலாம் என்று அந்தப் பெண்கள் கற்றுக்கொண்ட பாடம், எந்த வினாத்தாளிலும் வராத அறிவியல் பாடம்.

திறக்க வேண்டிய பூட்டுகள்

செய்ய வேண்டியவை பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. முதுகலை ஆசிரியர் காலியிடம் பள்ளி திறக்கும் ஜூனிலேயே நிரப்பப்பட வேண்டும். ஆய்வக உதவியாளர் இல்லாத மேல்நிலைப் பள்ளியே இருக்கக் கூடாது. ஆய்வகத்தை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் வாரம் ஒரு நாளாவது திறந்துவிட வேண்டும். மாலை வகுப்பு முடியும் நேரத்துக்கு ஒரு பஸ் நிற்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் மனது வைத்தால் ஒரு வாரத்தில் முடியும் காரியம். ஒன்பதாம் வகுப்பிலேயே பெற்றோரை அழைத்து, எந்தப் பிரிவு எங்கே கொண்டுபோகும், எந்த உதவித்தொகை எப்போது என்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து அறிவியல் படித்துப் போனவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தாம் படித்த வகுப்பறைக்கு வந்து உட்கார வேண்டும். தெருவில் ஒரு உதாரணம் நடமாடினால், வீட்டுக் கணக்கு தானாக மாறும்.

அந்த டிசம்பரில் வந்த ஆசிரியரை மறுபடி நினைக்கிறேன். ஆய்வகத்தைக் கழுவி முடித்த அன்று மாலை, சாவியை அலுவலகத்தில் கொண்டுபோய் மாட்டவில்லை. என்னைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்தார். “நாளைக்கு எட்டரைக்கு நீயே வந்து திறந்து வை. ஜன்னலையும் திறந்து விடு, காத்து வரட்டும்” என்றார். அந்தச் சாவியோடு ஐந்து கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வீட்டுக்குப் போனேன். ராத்திரி தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன். மறுநாள் எட்டு மணிக்கே போய்விட்டேன்.